பச்சைக் காரை விசாரித்த கதை

அந்தப் பச்சைக் காரைப் பற்றி நான் முதன்முதலில் கேள்விப்பட்டது என் மனைவியின் வாயால், அதுவும் பிரெஞ்சில். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை தன் குரலில், அடுத்தமுறை நாடியைக் கீழே இழுத்து ஓர் ஆம்பிளைக் குரலில். ஆம்பிளைக் குரலில் எதையோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

“என்ன உது?”

“வகுப்புப் பாடம். பழைய கார் வாங்கிற பாடம். நான் வாங்கிற ஆள், அவர் விக்கிற ஆள்.”

“எவர்?”

“எனக்குப் பக்கத்திலை இருக்கிற இந்தியாக்காரர். சொன்னனான் தானே.”

சொல்லியிருந்தாள். கொஞ்சநஞ்சமாகவா சொன்னாள்? அவர் இப்படிக் கேட்டார், அவர் அப்படிச் சொன்னார், அவர் சொன்னதைக் கேட்டு ஆசிரியையே சிரித்தாவாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்று கதைத்தால் அது கட்டின புருசனைத்தான். என் வீட்டில், என் குசினியில், அந்தச் சொல் நான் முகம்கூடக் கண்டிராத ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பிரெஞ்சு கதைக்கிற ஒரு நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். நான் நகரத்துக்குள் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அவள் பின்னேரங்களில் அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். நானும் தொடக்கத்தில் போனவன்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியை கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு நின்றுவிட்டேன். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். நான் விட்ட கதிரையில்தான் அந்த இந்தியாக்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான். என்ரை கதிரை!

அந்த மாரிக் குளிரில்தான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை ஒன்று எனக்குச் சரிவந்தது. நிரந்தர வேலை. கோப்பை கழுவுகிறவனுக்கு அது லொத்தர் விழுந்த மாதிரி. ஒரேயொரு சிக்கல், வேலை அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓடாது. சொந்தக் கார் இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். இருக்கிறது என்று கண்ணை இமைக்காமல் சொன்னேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்து நில் என்றார். அதற்குள் ஒரு கார் வாங்காவிட்டால் வேலை போய்விடும், திரும்பவும் கோப்பைதான்.

எங்கள் கையில் இருந்த காசுக்கு வந்த கார்களைப் பார்த்தால் அழுகை வரும். ஒன்றின் அடித்தட்டு, பனி உருகக் கொட்டுகிற றோட்டு உப்பில் உக்கி, கால் வைக்கிற இடத்தால் நிலம் தெரிந்தது. இன்னொன்றை ஸ்டார்ட் பண்ணியபோது அது இருமிய இருமலில் விற்க வந்தவனுக்கே வெட்கமாகிவிட்டது. இப்படி நான் அலைந்துகொண்டிருக்கும்போது அவள் ஒருநாள் வகுப்பால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“அவர் உண்மையாவே ஒரு கார் விக்கப்போறாராம். டொரண்டோவிலை வேலை கிடைச்சு மாறிப்போறாராம். எங்கடை காசுக்குள்ளை வரும்.”

டொரண்டோ என்ற ஊர்ப்பெயர் என் காதில் அவ்வளவு இனித்தது அன்றைக்குத்தான். ஆனால் கார்?

“கண்டறியாத கார். அந்தாளின்ரை காரிலையோ நான் வேலைக்குப் போறது?”

“அப்ப நடந்து போங்கோ,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரோடு வந்தான். நான் மனதுக்குள் அவனுக்கு ஒரு தொந்தியும் அரை வழுக்கையும் வைத்திருந்தேன். இரண்டும் இல்லை. நகரத்தின் மறுமுனையில், கர்க்லாண்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறானாம், கம்ப்யூட்டர் கம்பனியில் வேலையாம். கையைக் குலுக்கி, “வணக்கம் சார், மேடம் உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க” என்றான். என்ன சொன்னாள்? எப்போது சொன்னாள்? எந்த மொழியில் சொன்னாள்? அது கிடக்கட்டும், என்ன இந்த மேடம்? அக்கா என்று கூப்பிட்டால் வாய் நோகுமோ?

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். தங்கக் கரை போட்ட கோப்பையில். வீட்டில் அப்படி ஒரு கோப்பை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும் அதிலேயே தந்தாள் என்பது உண்மைதான். ஆனால் அவன் வந்ததால்தானே எனக்கும் அது கிடைத்தது!

கீழே இறங்கிக் காரைப் பார்த்தேன். பனியில் முதுகு நனைய மல்லாந்து படுத்து அடித்தட்டைப் பார்த்தேன். துரு இல்லை. பொனெட்டைத் திறந்து எண்ணெயைத் தொட்டு மணந்தேன். சுத்தம். கதவை அடித்துச் சாத்தினேன். ஒரு கிறீச்சும் இல்லை. சீட்டுகளில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மனிதன் என்றால் ஒரு கீறலாவது விழுத்த வேண்டாமா? முன்சீட்டில் மல்லிகை வாசம் அடித்தது. யார் வைத்த பூ? கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டைதான் என்று சொன்னான். நான் அதைக் கழற்றி மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் நம்பினேன்.

ஓட்டிப் பார்க்கும்போது பின்சீட்டில் இருந்து என் மனைவி, “இந்தக் காரின்ரை ஹீட்டர் நல்ல சூடு” என்றாள்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அண்டைக்குப் பனி கொட்டேக்கை வகுப்பிலை இருந்து எங்கள் நாலு பேரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டவர் எல்லோ?”

நாலு பேர். சரி. கடைசியாக யாரை இறக்கிவிட்டான்? அதைக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அவன் போன பிறகு அவள் சொன்னாள், “விசாரிக்காமல் வாங்கக்கூடாது. பாடத்திலை படிச்சனாங்கள். காரிலை கடன் இருந்தால், வித்தவன் போனாப்பிறகும் கடன் குடுத்தவன் வந்து எங்கடை வாசலிலை நிக்கிற காரைத் தூக்கிக்கொண்டு போவானாம். காசும் போய், காரும் போகும்.”

கடன்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு மினுக்கமான ஆளுக்குக் கடன் இல்லாமல் இருக்குமா? “விசாரிக்கிற அலுவலை என்னட்டை விடு, நான் பாக்கிறன்” என்றேன். திடீரென்று எனக்கு வந்த உற்சாகம் அவளுக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

விசாரிப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கலியாணம் பேச முன்னம் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், சந்திக் கடையில் ஒரு சோடாவை வாங்கிக் குடித்துக்கொண்டு பேச்சுவாக்கில் கேட்க வேண்டும். ஆள் எப்படி? குடி கிடி? கடன் கிடன்? வேறு தொடுப்பு ஏதும்? ஏன் கேட்கிறோம் என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கும். எனக்குத் தெரிந்த விசாரணை அது ஒன்றுதான். அவள் காரை விசாரிக்கச் சொன்னாள், நான் ஆளை விசாரிக்கப் புறப்பட்டேன்.

முதலில் எங்கள் தெருமுனைத் தமிழ்க் கடை.

“அண்ணை, கர்க்லாண்டிலை இருந்து ஒரு இந்தியப் பெடியன் சாமான் வாங்க வாறவன் எல்லோ, பச்சைக் கார்? ஆள் எப்பிடி?”

கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த முருங்கைக்காயை அப்படியே தராசில் விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் தம்பி கேக்கிறீர்?”

“சும்மாதான்.”

“ஓ, சும்மா.” ஒரு சிரிப்புச் சிரித்தார். “ஆள் தங்கம். கடன் எண்டு ஒருநாளும் வாய் திறந்ததில்லை. குடி, சிகரெட் ஒண்டும் கிடையாது. மரக்கறிச் சாப்பாடு, மீன் இறைச்சி தொடான். நல்ல இடத்துப் பெடியன் மாதிரித்தான் கிடக்கு.”

“வேறை தொடுப்பு ஏதும்?”

“சீச்சீ. தனிய வருவான், தனியப் போவான்.”

தனிய என்ற சொல் மட்டும் ஆறுதல். மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை கோயிலில், சோறு பரிமாறுகிற ஒருவரிடம் கேட்டேன். அவன் வந்தால் அண்டா தூக்குவானாம், தேவாரம் நல்ல குரலில் பாடுவானாம். பாடவும் செய்கிறானா! அடுத்த நாள் பஸ் மாறி மாறி ஏறிக் கர்க்லாண்டுக்கே போய், அவன் இருந்த வீட்டுக்காரரைப் பிடித்தேன். திருகோணமலைக்காரர். வாசல் பனியை யாரும் சொல்லாமலே அவன் வழித்துவிடுவான் என்றார். எங்கள் வீட்டு வெளிப்படியில் பனி வழிக்கச் சொல்லி என் மனைவி தொண்டை கிழியக் கத்துவது எனக்கு நினைவு வந்தது. ஒரு மனிதனிடம் ஒரு குறைகூட இல்லையென்றால் அவன் எதையோ பெரிதாக ஒளிக்கிறான் என்றுதான் அர்த்தம் என்று, திரும்பி வரும் பஸ்சில் முடிவுகட்டினேன்.

“விசாரிச்சியளோ?” என்று கேட்டாள்.

“விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். இன்னும் ஒண்டும் அம்பிடேல்லை.”

“அம்பிடேல்லை எண்டால் நல்லதுதானே? ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறியள்?”

மறுநாள் மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பெட்டி ஸ்வீட். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

“சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கடையில அங்கிள் விஷயத்தைச் சொன்னாரு. கோயில்லயும் பேசிக்கிட்டாங்க. நீங்க கர்க்லாண்ட் வரைக்கும் வந்து விசாரிச்சீங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அது உங்க பெரிய மனசு சார். ஆனா எனக்கு ஊர்ல நிச்சயம் ஆயிடுச்சு. வைகாசியில கல்யாணம். உங்க மச்சினிக்கு என்னை விட நல்ல பையனா கிடைப்பான் சார்.”

என் மனைவிக்கு ஊரில் கலியாணம் ஆகாத ஒரு தங்கச்சி இருக்கிறாள். அது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் சொன்ன ஒரு ‘சும்மா’வை வைத்து மனிசன் சம்பந்தமே பேசி முடித்துவிட்டார்.

பேர்ஸில் இருந்து பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டினான். நான் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன். “ஆகா, நல்ல பிள்ளை, நல்ல லட்சணமான பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எந்தப் பெண்ணின் படத்தையும் அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றாள். தங்கச்சி என்றதும் அவள் முகம் சிவந்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“காரை விசாரிக்கிறன் எண்டுதானே போனியள்? காரின்ரை சேசி நம்பரைப் பாத்தியளோ?”

“என்ன நம்பர்?”

தட்டை வைத்தாள், கோட்டைப் போட்டாள், கீழே இறங்கினாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். காரின் முன்கண்ணாடிக்கு அடியில், ஸ்டீயரிங் பக்கம், ஒரு சின்னத் தகடு இருந்தது. மேலே படிந்திருந்த உறைபனியைக் கையுறையால் தேய்த்துவிட்டு, அதில் இருந்த நீண்ட இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டாள்.

“இந்த நம்பரைக் குடுத்தால், காரிலை யாருக்கு உரித்து இருக்கு எண்டு அரசாங்கப் பதிவிலை காட்டும்,” என்றாள். “ஆர் மரக்கறி, ஆர் தேவாரம் பாடுறவை எண்டு அதிலை இராது.”

அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். நிச்சயமான ஆள் என்று தெரிந்ததும் என் நெஞ்சு அடங்கியிருக்க வேண்டும். அரைவாசி அடங்கியது. மற்ற அரைவாசி எரிச்சல், அவள் அவனோடு சிரிக்கிற சிரிப்பில் இருந்தது. அதற்கு வைகாசிக் கலியாணம் என்ன செய்யும்?

திங்கட்கிழமை அவள் பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தாள். எனக்கு வேலை தொடங்க இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அவள் பிரெஞ்சில் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுமுனையில் யாரோ ஓர் ஆம்பிளை. நடுவில் ஏதோ பகிடி விட்டிருக்க வேண்டும். அவள் கலகலவென்று சிரித்தாள். அவன் எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் அவனையும் விசாரித்திருப்பேன். ஃபோனை வைத்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“கடன் கிடக்கு. காரிலை ஒரு கம்பனி உரித்துப் பதிஞ்சிருக்கு.”

நான் கதிரையில் இருந்து துள்ளி எழும்பினேன். “பாத்தியோ! எனக்கு அண்டைக்கே தெரியும்! தங்கமாம் தங்கம்! கடன்காரன்!”

அவள் நம்பர் எழுதின கடதாசியை மேசையில் வைத்தாள். “கார் இல்லையெண்டால் உங்கடை வேலை போகுது. நீங்கள் நிண்டு துள்ளுறியள்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துள்ளி எழும்பின கதிரையிலேயே திரும்ப உட்கார்ந்தேன்.

அவள் உடனே அவனுக்கு ஃபோன் எடுத்தாள். நான் குசினி வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காரை முதலில் தவணைக்கு வாங்கினதாகவும், போன கோடையிலேயே எல்லாம் கட்டி முடித்துவிட்டதாகவும் அவன் சத்தியம் பண்ணியது ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. அவள் தமிழில்தான் கதைத்தாள்.

“நீங்கள் கட்டினது சரி, தம்பி. பதிவிலை அழிக்கேல்லையே. உங்கடை வாய்ச்சொல்லை வைச்சு நான் காசு தரமாட்டன். கடன் குடுத்த இடத்திலை சொல்லி அதை எடுப்பியுங்கோ. பேந்துதான் மற்றக் கதை.”

தம்பி! அவளுடைய குரலில் ஒரு பிடி சர்க்கரைகூட இல்லை. எனக்குக் காது குளிர்ந்தது. ஆனால் அடுத்த நாள் அந்தக் கம்பனி அவனை ஓர் ஆளிடம் இருந்து இன்னோர் ஆளிடம் பந்தாடுகிறது என்று தெரிந்ததும், அவனையும் இணைப்பில் வைத்துக்கொண்டு இவளே பிரெஞ்சில் இறங்கிவிட்டாள். சிரிப்பு இல்லை, பகிடி இல்லை. நிறுத்தி நிறுத்தி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுமுனையில் மேலதிகாரி ஒருவர் வந்தார், அவரிடமும் கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. யார் வெல்லுகிறார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை பதிவில் மறுபடி பார்த்தபோது கார் சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் காசைக் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கே காரை என் பெயருக்கு மாற்றினோம். வரிசையில் நிற்கும்போது அவன் என் காதருகில் குனிந்து சொன்னான், “சார், உங்க மேடம் ரொம்ப கறார் சார். எங்க மேனேஜர்கூட என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்ல. வகுப்புலயும் இவங்கதான் சார் முதல்.”

பெருமையாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சில் சுருக்கென்றது. அவளுடைய அந்த முகத்தை அவன் எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பார்த்தது அந்தக் கிழமைதான்.

அவன் கையைக் காட்டிவிட்டு பஸ் ஏறிப் போனான். நாங்கள் பச்சைக் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அவள் முன்சீட்டில், என் பக்கத்தில். மெல்லிய பனி கொட்டியது.

“ஒண்டு கேக்கட்டோ? அந்தாளை ஏன் அவ்வளவு விசாரிச்சனீங்கள்?”

“கடன் இருக்கோ எண்டுதான்.”

“பொய். தொடுப்பு இருக்கோ எண்டும் கேட்டனீங்களாம். கடைக்காரற்றை மனிசி ஃபோன் எடுத்துச் சொன்னவ.”

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தது.

“கடையிலை கேட்டியள். கோயிலிலை கேட்டியள். பஸ் ஏறிக் கர்க்லாண்டுக்குப் போயும் கேட்டியள்,” என்றாள். “என்னட்டை ஒரு வார்த்தை கேட்கேல்லை.”

சிவப்பு விளக்கில் நிறுத்தினேன்.

“சரி, இப்ப கேக்கிறன். உனக்கு அந்தாளைப் பிடிக்குமோ?”

சீ, என்ன விசர்க் கதை என்று ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. யோசித்தாள். விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடிக்கும்வரை யோசித்தாள்.

“பிடிக்கும்,” என்றாள். “வகுப்பிலை நான் முதல் முதல் எழும்பிக் கதைச்ச அண்டைக்கு, ‘நீங்கள் ரொம்ப கெட்டிக்காரி’ எண்டு எனக்குச் சொன்ன ஆள் அவர். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லேல்லை.”

நான் காரை எடுத்தேன். ஹீட்டர் அவள் சொன்ன மாதிரியே நல்ல சூடு.

திங்கட்கிழமை டோர்வலுக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தேன். மேலாளர் ஜன்னலால் காரை எட்டிப் பார்த்துவிட்டு நல்ல கார் என்றார். அன்று முழுக்க, ஊர்பேர் தெரியாதவர்களின் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒரேயொரு வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிரெஞ்சில் அல்ல, தமிழில்தான். அதற்கே நாக்குப் பிரளமாட்டேன் என்றது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“இஞ்சேர். நீ கெட்டிக்காரி.”

கத்தி ஒரு நொடி நின்றது. அவள் திரும்பவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்.”

அவன் சொன்னபோது அவனுக்குப் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லியிருப்பாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரியும்.